வியாபாரம் பிடிபட ஏன் இத்தனை வருடம்? பெட்டியடியிலிருந்து பனியன் கம்பெனி வரை

'மூன்றே நாளில் ஏற்றுமதித் தொழில் கற்றுக்கொள்ளுங்கள்' என்று ஒரு விளம்பரம் வருகிறது. அதே ஏற்றுமதியில் காலம் தள்ளியவரைக் கேட்டால், 'முதல் பத்து வருஷம் கற்றுக்கொள்ளவே சரியாப் போச்சு' என்கிறார். இருவரில் ஒருவர் கதை விடுகிறார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இருவரும் பேசுவது வேறு வேறு விஷயங்களைப் பற்றி. மூன்று நாளில் சொல்லிக்கொடுக்க முடிந்தது ஒன்று. பத்து வருடம் எடுப்பது இன்னொன்று. இரண்டையும் 'தொழில் கற்பது' என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

வியாபாரத்தில் பாடம் ஒன்றும் அவ்வளவு அதிகம் இல்லை. எடுத்த முடிவு சரியா தப்பா என்ற விடைதான் மிகத் தாமதமாக வருகிறது. அதனால்தான் வருடங்கள் ஆகின்றன. இதைப் புரிந்துகொள்ள, தமிழ்நாட்டிலேயே முழு வளர்ச்சி கண்ட ஒரு தொழிற்பயிற்சி முறையைப் பார்ப்பது உதவும். அது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்றும் அழைக்கப்படும் நகரத்தார்களின் முறை. இன்றைய உதாரணத்துக்குத் திருப்பூர் இருக்கிறது.

## எதைக் கற்கிறோம்?

ஒரு தொழிலுக்குள் மூன்று வகையான அறிவு இருக்கிறது.

1. தகவல். ஜிஎஸ்டி பதிவு எப்படி, ஏற்றுமதிக் குறியீட்டு எண் எங்கே வாங்குவது, எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி. படித்தால் தெரிந்துவிடும். சில நாட்கள் போதும்.

2. கைத்திறன். கணக்கு எழுதுவது, விலை பேசுவது, சரக்கின் தரம் பார்ப்பது. செய்யச் செய்ய வரும். மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓரிரு வருடம்.

3. கணிப்பு. இவருக்குக் கடன் கொடுக்கலாமா, இந்த ஆர்டரை எடுக்கலாமா, சரக்கை இப்போது வாங்கி வைக்கலாமா, கடையை இன்னும் ஆறு மாதம் ஓட்டலாமா அல்லது இன்றே மூடலாமா. வருடங்கள் எடுப்பது இதுதான்.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எதிலும் வல்லவராகலாம் என்று ஒரு பேச்சு உண்டு. அதன் வேர் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களிடம் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு. அதை அப்படியே வியாபாரத்துக்குப் பொருத்தியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. வயலினில் சுருதி தப்பினால் அந்த நொடியே காதுக்குத் தெரியும். கடனில் ஆளைத் தப்பாகக் கணித்தால், அது தெரிய இரண்டு வருடம்கூட ஆகலாம். மணிக்கணக்கு இரண்டுக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

அனுபவசாலியின் உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவரும் இந்த விஷயத்தில் எதிர்க் கட்சிகள். கானமன் உள்ளுணர்வைச் சந்தேகிப்பவர், கிளைன் அதை மதிப்பவர். அவர்கள் ஒத்துப்போன இடம், இரண்டு நிபந்தனைகள்: சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த ஒழுங்கை நீண்ட காலம் பழகி, செய்ததன் பலனைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் வியாபாரத்தில் அரிது. பலன் கண்ணுக்குத் தெரிவதற்குள், முடிவெடுத்தபோது என்ன நினைத்தோம் என்பதே மறந்துவிடும்.

## செட்டிநாட்டு முறை

காரைக்குடியைச் சுற்றி, இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் நகரத்தார் ஊர்களிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் ஆண்கள் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று வட்டிக்குக் கடன் கொடுக்கும் லேவாதேவித் தொழிலுக்குப் போனார்கள். கொழும்பில் செட்டியார் தெரு அந்தப் பெயரிலேயே இன்றும் இருக்கிறது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-இல் எழுந்த தண்டாயுதபாணி கோயிலும் அவர்கள் கட்டியது. மார்க்கெட் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்றால் ஒரே கட்டடத்துக்குள் பல மார்க்காக்காரர்கள் (தனித்தனிக் கடைப் பெயரில் தொழில் செய்தவர்கள்) ஆளுக்கு ஒரு பெட்டியும் பாயும் போட்டு உட்கார்ந்து தொழில் செய்த நீண்ட கூடம். தூங்குவதும் அங்கேதான்.

ஊரில் பையனுக்கு முதல் பாடம் வாய்க்கணக்கு. முழு எண்ணோடு நிற்காது, பின்னமும் மனப்பாடம். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒன்று, வீசம் 16-இல் ஒன்று. வட்டிக் கணக்கைத் தாளில்லாமல் போட இது வேண்டும். இதெல்லாம் தகவலும் கைத்திறனும்தான். பயிற்சியின் தொடக்கம், அவ்வளவே.

அப்புறம் கப்பல். வெளிநாட்டுக் கடையில் படிகள் இப்படி இருந்தன:

1. பெட்டியடிப் பையன். பணப்பெட்டி அருகில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் இந்தப் பெயர். கடை திறப்பது, ஏவல் வேலை, காசு எண்ணுவது, கடிதம் பிரதி எடுப்பது. முக்கியமான வேலை, சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது. யார் வந்தார்கள், என்ன சொல்லிக் கடன் கேட்டார்கள், மேலாள் என்ன கேள்வி போட்டார், கொடுத்தாரா, மறுத்தாரா.

2. அடுத்தாள். குறிப்பு எழுதுவது, பேரேட்டில் ஏற்றுவது, வட்டி வசூலுக்குப் போவது. கடன் கொடுத்த நிலத்தையும் கடைகளையும் நேரில் போய்ப் பார்க்கும் வேலையும் உண்டு.

3. மேலாள். ஏஜெண்டு என்றும் சொல்வார்கள். ஊரில் இருக்கும் முதலாளியின் பணத்தை, அதிகாரப் பத்திரம் பெற்று, கடல் தாண்டித் தானே முடிவெடுத்துக் கடன் கொடுப்பவர்.

4. முதலாளி. மேலாளாகச் சேர்த்த சம்பளமும் லாபப் பங்கும் முதலாகி, சொந்த விலாசத்தில், அதாவது தன் கடைப் பெயரில், தொழில் வைப்பவர்.

மேலாளின் பொறுப்புக் காலம், அதாவது கெடு, பெரும்பாலும் மூன்று வருடம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே கிடைக்கும், கெடு முடிந்தபின் லாபத்தில் பங்கு உண்டு. முடிந்ததும் ஐந்தொகை (சொத்து, கடன் எல்லாம் சேர்ந்த முழுக் கணக்கு) எடுத்து, கணக்கை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். சில காலம் ஊரில் இருந்துவிட்டு மறுபடி ஒரு கெடுவுக்குப் போவார்.

இந்த மூன்று வருடம் பயணச் செலவையும் குடும்பத்தையும் கருதி வைத்ததாக இருக்கலாம். ஆனால் அது செய்த வேலை பெரிது. லேவாதேவியில் கடன் கொடுப்பது சுலபம், வசூல்தான் கடினம். முதல் வருடம் எல்லாக் கடனும் நல்ல கடனாகவே தெரியும், வட்டி ஒழுங்காக வரும். இரண்டாம் வருடம் சிலர் சாக்குச் சொல்வார்கள். மூன்றாம் வருடம் ஐந்தொகை எடுக்கும்போது வராக்கடன் என்று தனியே எழுத வேண்டியவை முகம் காட்டும். ஒரு கெடு என்பது ஒரு முடிவின் விடை முழுதாகத் திரும்பி வர ஆகும் காலம். பெட்டியடியாக ஒன்று, அடுத்தாளாக ஒன்று, மேலாளாக ஒன்றிரண்டு என்று போனால், அந்த ஆள் முதலாளியாவதற்குள் மூன்று நான்கு முறை முழு விடையைப் பார்த்திருப்பார்.

இதில் புத்திசாலித்தனமான பகுதி பெட்டியடிதான் என்று நான் சொல்வேன். அந்தப் பையன் பார்த்த முடிவுகள் மேலாளுடையவை, நஷ்டம் வந்தால் முதலாளிக்கு. பையனுக்குச் செலவே இல்லை. கணிப்பின் முதல் சுற்றை அடுத்தவர் பணத்தில், அடுத்தவர் முடிவைப் பார்த்து முடித்துவிடுகிறான். இன்று சேமிப்பு முழுவதையும் போட்டுத் தொடங்குகிறவர் அந்த முதல் சுற்றைத் தன் பணத்தில் ஓட்டுகிறார்.

(இந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இது ஒரு சாதியின் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி. பெட்டியடியாகச் சேர உறவு வேண்டும். கடல் கடந்து ஆண்கள் இருந்த காலமெல்லாம் ஊரில் வீட்டு வரவு செலவை நடத்திய பெண்கள் எந்தப் பேரேட்டிலும் 'ஆள்' இல்லை.)

## விடை ஏன் தாமதமாகிறது?

கடனை விட்டுவிட்டு எந்தத் தொழிலுக்கும் பொதுவாகச் சொன்னால், நான்கு காரணங்கள்.

1. இடைவெளி. இன்று எடுத்த முடிவின் பலன் சுற்றி வர மாதங்களோ வருடங்களோ ஆகும். ஒரு நல்ல ஆளை வேலைக்கு எடுத்தோமா என்பது அவர் ஒரு நெருக்கடியைச் சமாளிக்கும் வரை தெரியாது.

2. கலப்படம். வந்த பலனில் நம் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். நூல் விலை ஏறும் நேரத்தில் கையில் சரக்கு வைத்திருந்தவர் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். விலை இறங்கும் வருடத்தில்தான் யார் கணித்து வாங்கினார், யார் சும்மா வாங்கினார் என்று தெரியும். முதல் வருடமே லாபம் பார்த்தவர் பலர் இரண்டாம் வருடம் பெரிதாக இறங்கி மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுவே. தப்பான பாடத்தை லாபமே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

3. வாய்ப்புகள் குறைவு. ஜவுளிக் கடைக்கு வருடத்தில் ஒரே ஒரு தீபாவளி. எவ்வளவு சரக்கு எடுப்பது என்ற கணிப்பைப் பத்து வருடத்தில் பத்து முறைதான் சோதிக்க முடியும். அந்தப் பத்தில் 2020 போல ஒரு வருடம் கணக்கிலேயே சேராது.

4. கெட்ட காலம் அரிது. சந்தை சரிவது, வாங்குபவர் திவாலாவது, அரசு ஒரே இரவில் விதியை மாற்றுவது எல்லாம் தினம் நடப்பவை அல்ல. ஆனால் ஒரு தொழில் நிலைப்பதும் போவதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட சில மாதங்களில்தான் முடிவாகிறது. நல்ல காலத்திலேயே எட்டு வருடம் ஓட்டியவருக்கு எட்டு வருட அனுபவம் என்று சொல்வது கொஞ்சம் தாராளம்.

## லாபம் இருக்கிறது, பணம் இல்லை

புதிதாக வருபவர் நம்ப மறுக்கும் ஒரு விஷயம், ஆர்டர் அதிகமாவதால் ஒரு கம்பெனி முழுகலாம் என்பது. திருப்பூரில் பழைய ஆட்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படவே மாட்டார்கள்.

திருப்பூர் பனியன் தொழிலில் ஒரு கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்வது குறைவு. நிட்டிங் ஓர் இடம், சாயப்பட்டறை ஓர் இடம், பிரிண்டிங் இன்னோர் இடம், தைப்பதைக்கூட ஜாப் வொர்க்கில் வெளியே கொடுப்பார்கள். அதனால் சின்ன முதலோடு நுழைய முடியும். கைமடியாக (டெய்லருக்குக் கைவேலை செய்யும் உதவியாளாக) சேர்ந்து, ஓவர்லாக் டெய்லராகி, கட்டிங் கற்று, கான்ட்ராக்ட் எடுத்து, பிறகு நாலு மெஷின் போட்டு சொந்தமாகத் தொடங்கியவர்கள் அங்கே நிறைய. நுழைவது எளிது என்பதாலேயே, எங்கே தடுக்குகிறது என்பது அங்கே தெளிவாகத் தெரியும்.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு:

- மாதம் 20 லட்சம் ரூபாய் ஆர்டர். செலவு 18 லட்சம். லாபம் 2 லட்சம்.
- செலவு முழுவதும் அந்த மாதத்துக்குள் ரொக்கமாகப் போகிறது. நூலுக்கு, சாயத்துக்கு, சனிக்கிழமைதோறும் சம்பளத்துக்கு.
- மாதக் கடைசியில் சரக்கு போகிறது. அதிலிருந்து 90 நாள் கழித்துப் பணம் வருகிறது.

முதல் மாதச் சரக்கின் பணம் நான்காம் மாதக் கடைசியில்தான் கைக்கு வரும். அதற்குள் நான்கு மாதச் செலவு, 72 லட்சம், வெளியே போயிருக்கும். மாதம் 18 லட்சம் செலவாகும் தொழிலுக்கு 18 லட்சம் போதும் என்று நினைத்து வந்தவர் இரண்டாம் மாதமே கடன் தேட ஆரம்பிப்பார்.

சரி, எப்படியோ 72 லட்சம் புரட்டி ஓட்டிவிட்டார். ஐந்தாம் மாதம் முதல் ஆர்டர் இரட்டிப்பாகிறது. மாதம் 40 லட்சம், செலவு 36 லட்சம், லாபம் 4 லட்சம். வீட்டில் இனிப்பு வாங்குவார்கள். ஆனால் எட்டாம் மாதம் வரை உள்ளே வருவது பழைய அளவு ஆர்டரின் பணம், மாதம் 20 லட்சம்தான். எட்டாம் மாதச் செலவு முடியும்போது மொத்தம் போனது 216 லட்சம், அதுவரை வந்தது 80 லட்சம். நடுவில் நிற்கும் 136 லட்சத்தை யாராவது தாங்க வேண்டும். புத்தகத்தில் லாபம் இரண்டு மடங்காகிறது, தேவைப்படும் முதலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. லாபம் பிறகு வரும், முதல் இப்போதே வேண்டும்.

வங்கி இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கும். ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி வாங்கும் பேக்கிங் கிரெடிட் அதற்காகவே இருக்கிறது. சட்டமும் ஓரளவு உதவும். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடுவுக்குள் தராவிட்டால் அந்தச் செலவை அதே ஆண்டு வருமானத்தில் கழித்துக்கொள்ள முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்து, 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இவை எல்லாம் தகவல். ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம்.

வருடங்கள் தேவைப்படுவது இதற்கு அடுத்த கேள்விக்கு: இருக்கிற ஒரே பெரிய வாடிக்கையாளர் 90 நாளில் தருகிறார். சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடுமா? அந்த இரட்டிப்பு ஆர்டரை வேண்டாம் என்று சொல்லலாமா, பாதி எடுக்கலாமா? சொன்னால் திரும்பி வருவாரா? இதற்குப் பொதுவான பதில் கிடையாது. அந்த வாடிக்கையாளர், அந்த வருடத்துப் பருத்தி விலை, அந்த வங்கி மேலாளர் எல்லாம் சேர்ந்ததுதான் பதில். இந்த மாதிரி முடிவைப் பலமுறை எடுத்து, சிலமுறை அடிபட்டவருக்குக் கொஞ்சம் பிடிபடும்.

பணம் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாதா? திருப்பூரை வைத்தே இதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் அங்குள்ள ஏற்றுமதிக் கம்பெனிகளை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தினரின் கம்பெனிகள் சராசரியாக அதிக முதலோடு தொடங்கின. சமூகத்துக்குள் பணம் எளிதில் கிடைத்ததே காரணம் என்பது அவர்கள் விளக்கம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடுதான் தொடங்கினார்கள். ஆனால் வேகமாக வளர்ந்து, சில வருடங்களில் ஏற்றுமதியில் முந்திவிட்டார்கள். முதல் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் திறமை குறைந்தவரும் நுழைந்து கொஞ்ச காலம் நிற்க முடியும். குறைந்த முதலோடு வருபவருக்கு அந்த வசதி இல்லை, ஓரளவு தேறியவர்தான் வரவே துணிவார். எந்தச் சமூகத்துக்கும் பிறவியிலேயே திறமை இருப்பதாகவோ இல்லாததாகவோ இதற்கு அர்த்தம் இல்லை.

## அனுபவமே ஏமாற்றிய இடம்: பர்மா

இதுவரை சொன்னதை வைத்து, வருடங்கள் கூடக் கூடக் கணிப்பும் கூடும் என்று முடிவு கட்டிவிட முடியாது. நகரத்தார் வரலாறே அதற்கு மறுப்பு.

பர்மாவின் கீழ்ப்பகுதியை ஆங்கிலேயர் 1852-இல் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மிய அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்து, ஐராவதி டெல்டாவில் காட்டை வெட்டி நெல் வயலாக்கும் வேலை பல பத்தாண்டுகள் நடந்தது. அதற்கான பணத்தில் பெரும்பகுதி செட்டியார் கடைகளிலிருந்து போனது. 1929-30-இல் நடந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் மதிப்பீட்டில், அங்கே அப்போது சுமார் 1,650 செட்டியார் கடைகள். அவற்றின் முதல் சுமார் 75 கோடி ரூபாய்.

அங்கே கடன் கொடுத்தவர்கள் மேலே சொன்ன பயிற்சியில் தேறியவர்கள். தனித்தனிக் கடனாக எடுத்துப் பார்த்தால், ஆளையும் நிலத்தையும் பார்த்து ஜாக்கிரதையாகத்தான் கொடுத்தார்கள். அவர்களுடைய மூன்று வருடக் கெடுக்கள் சொல்லிக்கொடுத்த பாடம் இது: நிலத்தை அடமானம் வாங்கிக்கொண்டால் பணம் போகாது. ஏனென்றால் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே வந்தது. வராக்கடன் வந்தால் நிலத்தை விற்றுப் பணமாக்க முடிந்தது. இரண்டு மூன்று தலைமுறை இந்தப் பாடம் பொய்க்கவில்லை.

1930-இல் உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. விவசாயிகளால் வட்டி கட்ட முடியவில்லை, அடமான நிலத்தை வாங்கவும் ஆள் இல்லை. வேறு வழியின்றி நிலங்கள் கடைக்காரர்கள் பெயருக்கே வந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-இல் அது சுமார் 25 சதவீதம். அவர்கள் விரும்பியது பணம், கிடைத்தது நிலம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கோ அது பிழைப்பே போன கதை. அவருடைய கோபம் அரசியலாக மாறியதில் வியப்பில்லை. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கியது. பெருமளவு முதல் திரும்பவே இல்லை.

ஜப்பான் வரும் என்று கடையில் உட்கார்ந்து கணித்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் இத்தனை கடைகளின் முதலும் ஒரே நாட்டில், ஒரே பயிரின் மேல், ஒரே வகை அடமானத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்கத் தீர்க்கதரிசனம் தேவையில்லை. ஐந்தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரிந்திருக்கும். ஒவ்வொரு மேலாளும் தன் கெடுவுக்குள், தன் கடைக்குள் நன்றாகக் கற்றார். எல்லாக் கடைகளுக்கும் பொதுவான ஆபத்து எந்தக் கெடுவிலும் பாடமாக வரவில்லை. கானமனும் கிளைனும் சொன்ன முதல் நிபந்தனை, சூழலின் ஒழுங்கு, உடைந்தபோது அந்த ஒழுங்கில் பழகிய கணிப்பும் சேர்ந்து உடைந்தது.

சிலர் முன்பே திசை மாற்றினார்கள். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தார். 1900-இல் பர்மாவில் லேவாதேவியாகத் தொடங்கிய முருகப்பா குடும்பம், ஜப்பானியர் வருவதற்கு முன்பே முதலை இந்தியாவுக்கு நகர்த்தியது. பின்னர் அது உற்பத்தித் தொழிலில் இறங்கிய விதத்தைக் கவனிக்க வேண்டும். 1949-இல் சென்னையில் டிஐ சைக்கிள்ஸ், பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் கூட்டு. 1954-இல் கார்போரண்டம் யுனிவர்சல், அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளுடன் கூட்டு. லேவாதேவியில் அரை நூற்றாண்டு அனுபவம் சைக்கிள் செய்யக் கற்றுத்தராது. அடுத்தவர் வருடங்களைக் கூட்டு சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள்.

## எதைச் சுருக்கலாம்?

இளைஞர்களே பெரிய தொழில் தொடங்குகிறார்கள் என்ற எண்ணத்தை அமெரிக்கத் தரவுகளை வைத்துச் சோதித்த ஓர் ஆய்வு உண்டு. பியர் அசூலே உள்ளிட்ட நால்வர் செய்தது. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலான புதுக் கம்பெனிகளின் நிறுவனர்களுக்குத் தொடங்கியபோது சராசரி வயது 45. அதே குறிப்பிட்ட தொழில்பிரிவில் குறைந்தது மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், அப்படி எந்த அனுபவமும் இல்லாதவர்களைவிடப் பெரிய வெற்றி பெற 85 சதவீதம் அதிக வாய்ப்புக் கொண்டிருந்தார்கள். மூன்று வருடம் என்ற அளவு செட்டிநாட்டுக் கெடுவோடு ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனால் சுவையான தற்செயல்.

ஆக, விடை வரும் நேரத்தைக் குறைக்கும் எதுவும் வருடங்களைக் குறைக்கும்.

1. அதே தொழிலில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது. அதிலும் பணம் வந்து போகும் மேசைக்குப் பக்கத்தில். டிசைன் பிரிவில் ஐந்து வருடம் இருப்பதைவிட, கடன் வசூலும் கொள்முதலும் நடக்கும் இடத்தில் இரண்டு வருடம் இருப்பது அதிகம் கற்றுத்தரும்.

2. முடிவெடுக்கும் அன்றே, ஏன் எடுக்கிறோம், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதை இரண்டு வரி எழுதி வைப்பது. விடை வரும்போது நினைவு நமக்குச் சாதகமாகக் கதையை மாற்றிச் சொல்லும். எழுத்து மாற்றாது.

3. சின்னதாகப் பலமுறை சோதிப்பது. ஐந்து லட்சத்துக்கு ஒரே சரக்கு எடுப்பதைவிட ஐம்பதாயிரத்துக்குப் பத்துமுறை எடுத்தால் விடை பத்து கிடைக்கும். மொத்த விலையில் கொஞ்சம் போகும். அதைப் படிப்புச் செலவாக வைத்துக்கொள்ளலாம்.

## சுருக்கவே முடியாத பகுதி

இத்தனை வருடத்தில் ஒரு பங்கு, நாம் கற்பதற்கானதே அல்ல. மற்றவர்கள் நம்மைக் கற்பதற்கானது. வியாபாரிகள் இதை நாணயம் என்கிறார்கள்.

செட்டியார் கடைகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்து வாங்கின. அதற்கான நடப்பு வட்டியை ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி நிர்ணயித்தார்கள். அந்த வட்டிக்குப் பணம் கிடைத்தது அடமானத்தின் மேல் அல்ல, விலாசத்தின் மேல். யாருடைய பிள்ளை, யார் கடையில் பெட்டியடியாக இருந்தார், போன கெடுவில் கணக்கை எப்படி ஒப்படைத்தார் என்பதெல்லாம் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியவருவதற்கு அவர் அத்தனை கெடுவையும் அவர்கள் கண்முன்னால் கடந்திருக்க வேண்டும். அதை எந்த வகுப்பிலும் வேகப்படுத்த முடியாது, கற்க வேண்டியவர் எதிரில் இருப்பவர் என்பதால்.

திருப்பூர்க் கணக்குக்குத் திரும்பினால் இதன் ரூபாய் மதிப்பு தெரியும். 18 லட்சம் செலவில் 8 லட்சம் நூலுக்கு என்று வைத்துக்கொள்வோம். புதியவரிடம் நூல் வியாபாரி ரொக்கம் கேட்பார். நாலைந்து வருடம் சொன்ன தேதியில் பணம் கொடுத்தவருக்கு, இன்னொரு தாள்கூட எழுதி வாங்காமல் 30 நாள் கடன் கொடுப்பார். முதலில் தேவைப்பட்ட 72 லட்சம் 64 ஆகும். ஆர்டர் இரட்டித்த பிறகு நூலுக்கே மாதம் 16 லட்சம், அதுவும் ஒரு மாதம் தள்ளிப்போகும். 136 லட்சம் 120 ஆக இறங்கும்.